செடி நட்டால் ஈயம் போய்விடுமா?



கைப்பேசியில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. "ஈயம் கலந்த மண்ணா? கவலை வேண்டாம். சூரியகாந்தி நடுங்கள், கடுகு விதையுங்கள். செடி விஷத்தை உறிஞ்சிவிடும், அதன் பிறகு தாராளமாகக் கீரை போடலாம்" என்கிறது அந்தச் செய்தி. படமும் அழகாகத்தான் இருக்கிறது. புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டங்களுக்கு நாம் போகும்போது, "என்னாங்க அண்ணே, பூச்செடி நட்டா ஈயம் போயிடுமாமே, நெசமா?" என்று கேட்கிறார்கள். லயத்துக்குப் பின்னால் நாலு பாத்தி போட்டு, அதில் பறிப்பதைப் பிள்ளைகளுக்கு ஆக்கிப் போடுகிறவர்கள் இதைக் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்?

இது பாதி உண்மை. பொய்யான மறுபாதிதான் நமக்கு ஆபத்தானது. ஆகவே இந்த வாரம் இதைக் கொஞ்சம் விரிவாகவே பேசிவிடுவோம்.

முதலில் எந்த ஈயம் என்பதில் தெளிவு வேண்டும். "ரப்பருக்கும் ஈயத்துக்கும் பேர் போன நாடு மலேசியா" என்று தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நமக்கெல்லாம் சொல்லித் தந்தார்கள். அந்த ஈயம் வெள்ளீயம். பால் டின்னுக்குப் பூசுவது, பாத்திரத்துக்குப் பூசுவது அது. லோரி பேட்டரிக்குள் இருப்பதும், மீன் வலையில் குண்டாகக் கட்டுவதும், பழைய பெயிண்டில் கலந்திருந்ததும் காரீயம். இரண்டுக்கும் நம் வாயில் ஒரே பெயர், குணமோ வேறு. உடம்பைக் கெடுப்பது காரீயம். இனி இங்கே ஈயம் என்று வருமிடமெல்லாம் காரீயம் என்றே கொள்ளுங்கள்.

இது தோட்டத்துக்குள் எப்படி வருகிறது? வேலைக்காட்டில் யாரும் ஈயம் விதைப்பதில்லை. ஆனால் ஒரு கார் பேட்டரியில் எட்டு, பத்துக் கிலோ ஈயம் இருக்கிறது. அதைப் பாரங்கால் உடைத்து, தகட்டை அடுப்பில் உருக்கி, வலைக்குக் குண்டு வார்க்கிறவர்கள் உண்டு. பழைய சாமான்காரனுக்கு விற்கிறவர்களும் உண்டு. உடைத்த இடத்தில் கொட்டும் அமிலமும் தூளும் அங்கேயே மண்ணோடு மண்ணாகிவிடும். இது சிறு அளவு. பெரிய அளவில் நடப்பது வேறு. மின்னணுக் கழிவும் பேட்டரியும் உருக்குகிற கள்ளத் தொழிற்சாலைகளுக்கு ஊர் நடுவில் இடம் கிடைக்காது. புகை வந்தால் தாமான்காரர்கள் சத்தம் போடுவார்கள். செம்பனைக்கு நடுவே யார் பார்க்கப் போகிறார்கள்? 2018இல் சீனா வெளிநாட்டுக் குப்பைக்குக் கதவை அடைத்த பிறகு, கோல லங்காட்டில் ஜென்ஜாரோம் வட்டாரம் பட்ட பாட்டை நாடே பார்த்தது. அங்கே எரிந்தது பிளாஸ்டிக். ஆனாலும் ஒதுக்குப்புறம், செம்பனை மறைவு, இரவு வேலை என்ற அதே வழிதான் இதற்கும். தலைநகரத்துக் குப்பை புக்கிட் தாகாருக்கும் சிலாங்கூர் குப்பை ஜெராமுக்கும் வருவது சட்டப்படி நடப்பது; அது வேறு கதை. நாம் சொல்வது சட்டத்துக்குத் தெரியாமல் வருவதை.

ஈயத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அது மக்காது, கரைந்து ஓடாது, காற்றில் போகாது. மேல்மண்ணில் நாலு விரற்கடைக்குள் உட்கார்ந்துகொள்ளும். தொழிற்சாலை பத்து வருடத்துக்கு முன்பே மூடப்பட்டிருந்தாலும் ஈயம் அங்கேயே இருக்கும். அதன் மேல்தான் பிள்ளை தவழ்கிறது, கோழி மேய்கிறது.

பெரியவர் உடம்புக்குள் போகும் ஈயத்தைவிட, அதே அளவு வாய்வழிப் போனால் சிறு பிள்ளையின் உடம்பு நாலைந்து மடங்கு அதிகமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்பதும் அந்நிறுவனத்தின் கூற்று. இரத்தம் சுண்டும், வயிறு வலிக்கும், எல்லாவற்றுக்கும் மேலாகப் படிப்பு ஏறாது. ஆசிரியர் "பையன் மந்தம்" என்பார். அம்மா "சேட்டை, ஒரு இடத்துல உக்கார மாட்டேங்குறான்" என்பாள். ஈயம் என்று யாரும் சொல்லமாட்டார்கள், ஏனென்றால் யாரும் பார்ப்பதில்லை. உடம்பில் இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த பிள்ளைக்கு ஈயம் இன்னும் வேகமாக ஏறும். வெறும் சோறும் கருவாட்டுக் குழம்பும் தின்று வளரும் நம் பிள்ளைகளை நினைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். 2020இல் யுனிசெஃப் நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, உலகத்தில் மூன்று பிள்ளைகளில் ஒன்றின் இரத்தத்தில் கவலைப்படும் அளவுக்கு ஈயம் இருக்கிறது என்று கணக்குச் சொன்னது.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டின் தலைநகர் டக்காரை ஒட்டிய தியாரோய் என்ற குப்பம் சாட்சி. அங்கே ஏழைப் பெண்கள் பேட்டரி உடைத்த இடத்து மண்ணைச் சலித்து, அதில் கிடைத்த ஈயத்தூளை விற்று வயிறு கழுவினார்கள். 2007 நவம்பர் தொடங்கி 2008 மார்ச்சுக்குள் 18 குழந்தைகள் இறந்தார்கள். முதலில் மலேரியாக் காய்ச்சலோ என்று நினைத்தார்களாம். அங்கே அதிகாரிகள் பூச்செடி நடவில்லை. கெட்ட மண்ணை அள்ளி எடுத்தார்கள்.

சரி, செடி ஏன் செய்யாது?

வேரின் வாய்க்குத் தண்ணீரில் கரைந்ததுதான் போகும். ஈயமோ களிமண்ணோடும் மக்கிய தழையோடும் இறுகப் பிடித்துக்கொண்டு கிடக்கும். தப்பித் தவறி வேருக்குள் நுழைந்தாலும் பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடும். தண்டுக்கும் இலைக்கும் ஏறுவது கொஞ்சம்தான். இலையை அறுத்துக் கொண்டுபோய்ப் போட்டால் ஈயம் போய்விடும் என்பவர்களுக்கு ஒரு கணக்கைக் காட்டுவோம். செக்ரோலில் கிராணி போடும் கணக்கைச் சரிபார்க்கிற நமக்கு இது பெரிதல்ல.

ஓர் ஏக்கர் நிலத்தில் எட்டு அங்குல ஆழத்துக்கு மேல்மண் ஏறக்குறைய 1,000 டன். ஒரு கிலோ மண்ணில் 1,000 மில்லிகிராம் ஈயம் இருந்தால், டன்னுக்கு ஒரு கிலோ. ஆக ஏக்கரில் 1,000 கிலோ ஈயம். இதை 400 மில்லிகிராமுக்குக் கொண்டுவர வேண்டுமானால் 600 கிலோ வெளியேற வேண்டும். (அமெரிக்காவில் குடியிருப்பு மண்ணுக்கு நெடுங்காலம் 400தான் அளவுகோல், 2024இல் அதை 200 ஆக்கினார்கள்.) நன்றாக வளர்ந்த பயிர் ஒரு வருடத்துக்குக் காய்ந்த கணக்கில் நாலு டன் தரும் என்று வைத்துக்கொள்வோம். அதன் கிலோவில் 100 மில்லிகிராம் ஈயம் ஏறியது என்றால் அதுவே தாராளம். வருடத்துக்கு எவ்வளவு போகும்? 400 கிராம்! 600 கிலோ போக 1,500 வருடம் ஆகும். இராசராச சோழன் காலத்துக்கும் முன்னால் நடத் தொடங்கியிருந்தாலும் இன்னும் வேலை முடிந்திருக்காது. சரி, அதைப்போல் பத்து மடங்கு உறிஞ்சும் அபூர்வச் செடி கிடைத்தது என்றே வையுங்கள், அப்போதும் 150 வருடம். அதுவரை நம் பிள்ளை தவழாமல் இருக்குமா?

வெளிநாட்டில் இதைச் செய்து பார்க்காமலும் இல்லை. 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம் டிரென்டன் நகரில், முன்பு பேட்டரி செய்த இடத்தில் நம் தாளிப்புக் கடுகையே நட்டார்கள். ஈயம் தானாகக் கரையாதபடியால் அதைக் கரைக்க மண்ணில் ஒரு மருந்தையும் ஊற்றினார்கள். சில இடங்களில் அளவு குறைந்ததாகவும் சொன்னார்கள். ஆனால் கரைந்த ஈயம் முழுவதையும் வேர் குடித்து முடிப்பதில்லை. மிச்சம் மழைத் தண்ணீரோடு கீழே இறங்கி நிலத்தடி நீருக்குப் போகும். இதைக் கண்ட பிறகு அந்த மருந்து வழியை விஞ்ஞானிகளே பெரும்பாலும் ஓரம் கட்டிவிட்டார்கள். கைப்பேசிச் செய்தியில் இந்தக் கதை வராது.

அப்படியானால் செடி விஷம் உறிஞ்சுவது முழுப் பொய்யா? அதுவும் இல்லை. எந்த விஷம் என்பதைப் பொறுத்தது. பழைய ரப்பர் காலத்தில் லாலாங் புல்லைக் கொல்ல சோடியம் ஆர்சனைட் அடித்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது பாஷாணம். 2001இல் புளோரிடாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லேனா மா என்ற விஞ்ஞானியும் அவரோடு சேர்ந்தவர்களும் ஒரு வகைப் பெரணிச் செடி பாஷாணத்தை ஆவலோடு உறிஞ்சுவதைக் கண்டுபிடித்தார்கள். அதன் காய்ந்த இலையில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேலேயே பாஷாணம் இருந்ததாம். பழைய சுவரிலும் கால்வாய் ஓரத்திலும் நம் நாட்டிலும் முளைக்கும் செடிதான் அது. பாஷாணத்துக்கு அது உதவும். அதைக் காட்டி ஈயத்துக்கும் உதவும் என்பது, காய்ச்சல் மாத்திரையைக் காட்டி எலும்பு முறிவுக்கும் கேட்கும் என்பது போலத்தான்.

நமக்குப் பக்கத்திலேயே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். 2007 வரை பத்தாங் பெர்ஜுந்தை என்று பெயர் இருந்த பெஸ்தாரி ஜெயாவில், நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமாக 1917இல் நட்ட தென்னமரம் இருக்கும் அதே வட்டாரத்தில், கப்பல் வைத்து வெள்ளீயம் அள்ளினார்கள். 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் வெள்ளீய விலை விழுந்து, நாடெங்கும் லம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. மிஞ்சியவை குளமும் மணல்மேடும். அந்த இடத்து மண்ணையும் செடிகளையும் ஆராய்ந்த மலாயாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2011இல் முடிவை வெளியிட்டார்கள். மண்ணில் காரீயம், பாஷாணம், செம்பு, துத்தநாகம் எல்லாம் இருந்தன. அதில் தானாக முளைத்த கோரை, லாலாங், தொட்டாற்சிணுங்கி, செண்டுடோக், குளத்துத் தாமரை ஆகியவற்றின் உடம்பிலும் இவை ஏறியிருந்தன. அவர்கள் அந்தச் செடிகளை நிலம் சுத்தம் செய்ய உதவுமா என்ற கண்ணோடு பார்த்தார்கள். நாம் பார்க்க வேண்டியது இன்னொன்று: லம்பக் குளத்தில் தாமரைக் கிழங்கும் கங்கோங் கீரையும் பறித்து வந்து சமைக்கிறோமே, அது என்ன ஆகும்?

இனி செடி உண்மையிலேயே செய்யக்கூடியதைச் சொல்வோம். ஈயத்தைச் செடியால் எடுக்க முடியாது. ஆனால் கட்டிப் போட முடியும். வெறும் மண் தூசியாகப் பறந்து வாயில் போகிறது. மழையில் கரைந்து கால்வாய்க்குப் போகிறது. அடர்த்தியாக ஒரு புல் போர்த்திவிட்டால் தூசி அடங்கும், மண் நகராது. இதற்கு ஏற்ற புல் நம் வெட்டிவேர்தான். வேர் ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே கீழே இறங்கும். ஈயம் பெரும்பாலும் வேரிலேயே நிற்கும், இலைக்கு அதிகம் ஏறாது. சீனாவில் குவாங்டோங் மாநிலத்தில் காரீய, துத்தநாகச் சுரங்கக் கழிவு மேட்டிலேயே இதை நட்டு வளர்த்திருக்கிறார்கள். இங்கேயும் இது புதிதல்ல. சுங்கை பூலோவில் நிலையம் வைத்திருந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் பி.கே. யூன், 1990ஐ ஒட்டிய வருடங்களில் மண்ணரிப்பைத் தடுக்க வெட்டிவேரை நட்டுச் சோதித்து எழுதி வைத்திருக்கிறார்.

வெட்டிவேரோடு இன்னொன்றும் உண்டு. உரம் போடும் பெண்கள் வாளியில் சுமந்து வீசும் பாறை பாஸ்பேட், மண்ணில் ஈயத்தோடு சேர்ந்து கரையாத கல்லாக அதை இறுக்கிவிடும். அப்படி இறுகிய ஈயம் வயிற்றுக்குள் போனாலும் உடம்பில் ஏறுவது குறைவு. இதைப் படித்தவுடன் ஸ்டோரில் போய் ஒரு மூட்டை கேட்டுவிடாதீர்கள்! பாஷாணமும் இருக்கிற மண்ணில் பாஸ்பேட் போட்டால், கட்டிப் போட்டிருந்த பாஷாணத்தை அது அவிழ்த்து விட்டுவிடும். பழைய லம்ப மண்ணில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன என்பதை மேலே பார்த்தோம். ஒன்றுக்கு மருந்தானது மற்றதற்கு விஷம். ஆகவே மண்ணில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் வைத்தியம் பார்க்கக்கூடாது.

நாம் வலியுறுத்த வந்ததும் இதைத்தான். செடிக்கு முன்னால் பரிசோதனை. பரிசோதனைக்கும் சுத்தம் செய்வதற்கும் ஆகிற செலவு, மண்ணைக் கெடுத்தவன் தலையில். அவன் ஓடிவிட்டால் நிலத்துக்காரர் தலையிலும் அரசாங்கத்தின் தலையிலும். "மரம் நடும் நாள்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, பிள்ளைகள் கையில் நாற்றுக் கொடுத்துப் படம் பிடித்துப் போனால் மண் சுத்தமாகிவிடாது. பச்சையாகத் தெரியும், அவ்வளவுதான். கெட்ட இடத்தில் பிள்ளைகளை மண் தோண்ட விடுவது அதைவிட மோசம்.

தமிழ்நாட்டில் கொடைக்கானல் தொழிலாளர்கள் இதில் நமக்கு வழிகாட்டி. அங்கே விஷம் ஈயமல்ல, பாதரசம். அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து 1983இல் தொடங்கிய தெர்மாமீட்டர் தொழிற்சாலை அது. பின்னாளில் இந்துஸ்தான் லீவர் கம்பெனி கைக்கு வந்தது. 2001இல் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடியை ஊருக்குள் பழைய சாமான் கடையிலேயே கண்டுபிடித்தார்கள். தொழிற்சாலை மூடியது. மூடியதோடு கணக்கு முடிந்தது என்று தொழிலாளர்கள் விட்டுவிடவில்லை. பதினைந்து வருடம் நீதிமன்றமும் வீதியுமாக அலைந்து, 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுக்காகக் கம்பெனியை உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்ய வேண்டும் என்ற வாதம் அதன் பிறகும் தொடர்ந்தது. கம்பெனி தனக்குத் தோதான அளவைச் சொல்லும். குடியிருக்கிறவன் தன் பிள்ளைக்கு ஏற்ற அளவைக் கேட்பான்.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. பேட்டரிக் கழிவு, கண்ட இடத்தில் போடக்கூடாத பட்டியலில் 2005 விதிகளின்படியே இருக்கிறது. 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தை 2024இல் திருத்தி, உச்ச அபராதத்தை ஒரு கோடி வெள்ளிக்கு உயர்த்தினார்கள். கெட்டுப்போன நிலத்தை என்ன செய்வது என்று சுற்றுச்சூழல் இலாகா 2009இல் வழிகாட்டி நூல்களும் போட்டது. வழிகாட்டி வழிகாட்டிதான், மண்ணைச் சோதிக்காமல் வீடு கட்டினால் கையைப் பிடிப்பவர் யார்? 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் ஆற்றில் கழிவு கலந்து, சிலாங்கூர் ஆற்றுத் தண்ணீர் நிலையங்கள் நான்கை மூடியபோது, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளுக்குக் குழாயில் தண்ணீர் நின்றது. அன்றைக்கே மந்திரிகள் ஓடி வந்தார்கள். தண்ணீர் கெட்டால் பட்டணத்துக்கு உடனே தெரியும். தோட்டத்து மண் கெட்டால் யார் வீட்டுக் குழாயும் நிற்பதில்லை.

இன்னொரு காரணத்துக்காகவும் இது இப்போது அவசரம். தோட்டங்கள் துண்டாகி விற்கப்படுகின்றன. தலைமுறை தலைமுறையாகக் கேட்ட சொந்த வீடு சில இடங்களிலாவது கைக்கு வருகிறது. பேச்சுவார்த்தையில் எத்தனை சதுர அடி, எத்தனை அறை, விலை எவ்வளவு என்று கேட்கிறோம். அந்த நிலம் முன்பு என்னவாக இருந்தது என்று கேட்கிறோமா? பழைய லம்பமா, ஸ்டோரா, பட்டறையா, யாரோ வாடகைக்கு எடுத்து எதையோ எரித்த இடமா? வீட்டு மனை, தமிழ்ப்பள்ளி, ஆயாக்கொட்டகை என்று எதற்கு நிலம் ஒதுக்கினாலும் மண் பரிசோதனை அறிக்கையைக் கையில் கொடு என்பதை இனி ஒரு கோரிக்கையாக வைக்க வேண்டும். கூட்டு ஒப்பந்தப் பேச்சில் இதையும் எழுதச் சொல்ல நம் தோட்டக் கமிட்டிகள் தீர்மானம் போடலாம். சம்பளம் கேட்பது போல இதையும் கேட்கலாம், வெட்கமில்லை.

அறிக்கை வரும்வரை வீட்டில் செய்யக்கூடியவை சில. பேட்டரி உடைத்த இடம், எரித்த இடம் தெரிந்தால் பிள்ளைகளை அங்கே விடாதீர்கள். கோழியையும் விடாதீர்கள், முட்டையில் ஏறும். மண் எடுத்துக் கொடுக்கும்போது பிள்ளை விளையாடும் இடத்தில் மேலாக இரண்டு அங்குலமும், பாத்தியில் எட்டு அங்குல ஆழமும் தனித்தனிப் பையில் எடுங்கள். கலந்துவிட்டால் உண்மை மறைந்துவிடும். சந்தேகமான மண்ணில் கீரையும் கிழங்கும் வேண்டாம். வெண்டை, கத்தரி, மிளகாய் போன்ற காய்களில் ஈயம் குறைவாகவே ஏறும். அதைவிட நல்லது, வேறு இடத்து நல்ல மண்ணைக் கொண்டுவந்து பலகை அடித்து உயரப் பாத்தி போடுவது. கீரையில் வரும் ஈயத்தில் பெரும்பங்கு இலையில் ஒட்டிய தூசி. மூன்று தண்ணீரில் அலசுங்கள். பழைய சாமான், பேட்டரி வேலைக்குப் போகிறவர்கள் வேலைத் துணியோடு பிள்ளையைத் தூக்கக்கூடாது. கிளினிக்கில் சாதாரண இரத்தப் பரிசோதனையில் ஈயம் தெரியாது. "இரத்தத்தில் ஈயம் பார்க்க வேண்டும்" என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். டாக்டரிடம் எந்த இடம், என்ன வேலை என்பதையும் சொல்லுங்கள்.

தடுப்பாக வெட்டிவேர் நட்டவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. வாசனையாக இருக்கிறதே என்று அந்த வேரைப் பிடுங்கிக் குடிதண்ணீர்ப் பானையில் போட்டுவிடாதீர்கள். நம் பாட்டிமார்கள் போட்டது நல்ல மண்ணில் விளைந்த வேர்.